ஆயாவுக்கு வயசு 78, அவங்க சர்க்கரைக்கு வயசு 31

போன மாசம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். ஆயாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். பந்தியில் உட்கார்ந்தாச்சு. ஜாங்கிரி வைக்க வந்த பையனை எதிர் வரிசையில் இருந்த ஒரு மாமா கையை நீட்டித் தடுத்தார். "தம்பி, அந்தம்மாவுக்கு வைக்காதே, சுகரு!" மண்டபம் முழுக்கக் கேட்டிருக்கும். பக்கத்து இலை அத்தை "ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்டினார். அதற்கும் பக்கத்து இலை, "எங்க ஊர்ல ஒருத்தர் பொடி தர்றாரு. ஒரே மண்டலம், அடியோட போயிடும்" என்றார். கை கழுவும் இடத்தில் ஒரு பெரியவர் அப்பாவை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் ரகசியமாகச் சொன்னார்: "எழுபத்தெட்டு வயசு ஆயிடுச்சு. இனிமே எதுக்குப்பா பத்தியம், ஊசி, டெஸ்ட்டெல்லாம்? ஆசைப்பட்டதைக் கொடுத்து நிம்மதியா விடுங்க."

அரை மணி நேரத்தில் மூணு தீர்ப்பு. ஆயாவிடம் ஒருத்தர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஆயா என் காதில் சொன்னாங்க: "அரை ஜாங்கிரிக்குன்னு சோத்தைக் குறைச்சு வச்சிருந்தேன்டா. கெடுத்துட்டான் படுபாவி!"

அன்றைக்கு வந்த கடுப்பு இன்னும் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, பி.காம் படிக்கிற பையன். ஆனால் கணக்கு எனக்குக் கொஞ்சம் தெரியும். சர்க்கரையோடு முப்பது, நாற்பது வருஷம் நல்லபடியாக வாழ்வது அதிசயமும் இல்லை, தலையெழுத்தும் இல்லை. அது தினமும் எழுத வேண்டிய ஒரு கணக்கு. அந்தக் கணக்கைப் பாழாக்குவது இந்த மூணு கூட்டம்தான்: பாவம் என்பவர்கள், பொடி விற்பவர்கள், வயசாச்சே விடு என்பவர்கள்.

ஒவ்வொருத்தராக வருவோம்.

ஒன்று: "ஐயோ பாவம்" கூட்டம்

இவர்களுக்குச் சர்க்கரை என்றாலே காலை எடுத்துவிடுவார்கள், கண் போய்விடும், கிட்னி போய்விடும், அவ்வளவுதான். இதெல்லாம் நடப்பதில்லை என்று சொல்லவில்லை. நடக்கிறது. ஆனால் எல்லோருக்கும் கட்டாயம் நடந்தே தீரும் என்பது பொய்.

கொஞ்சம் பழைய கதை. 1921-ல் கனடாவின் டொரன்டோவில் பான்டிங், பெஸ்ட் இரண்டு பேரும் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாகப் போட்டார்கள். அதற்கு முன்னால், இன்று டைப் 1 என்று சொல்கிறோமே, அது வந்த குழந்தைகளுக்கு மருந்தே கிடையாது. பட்டினி போட்டுக் கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். லண்டனில் ராபர்ட் லாரன்ஸ் என்று ஒரு டாக்டர் இருந்தார். அவருக்கே 1920-ல் சர்க்கரை வந்தது. சாகப்போகிறோம் என்ற முடிவோடு இத்தாலியில் போய் உட்கார்ந்திருந்தவருக்கு 1923-ல் இன்சுலின் கிடைத்தது. அதன் பிறகு 45 வருஷம் வாழ்ந்து, 1968-ல் 75 வயதில் இறந்தார். நடுவில் 1934-ல் எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸோடு (அவருக்கும் சர்க்கரை!) சேர்ந்து சர்க்கரை நோயாளிகளுக்கென்று ஒரு சங்கமே ஆரம்பித்தார். அந்தச் சங்கம் இன்றைக்கும் இருக்கிறது. இன்சுலினோடு 50, 60, 70 வருஷம் வாழ்ந்தவர்களுக்குப் பதக்கம் கொடுக்கிறது. எழுபது வருஷம்! நம்ம ஊரில் அதே ஆளுக்கு உச்சுக்கொட்டல்தான் கிடைக்கும்.

வெள்ளைக்காரன் கதை வேண்டாம் என்றால் நம்ம கதையையே பாருங்கள். 1948-ல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம்.விஸ்வநாதன் சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். 1954-ல் ராயபுரத்தில் அவர் தொடங்கிய பொது மருத்துவமனை பிறகு சர்க்கரை நோய்க்கென்றே தனி மருத்துவமனையானது. அந்த வழியில் வந்த டாக்டர் வி.மோகனும் அவருடைய குழுவும் 2013-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். டைப் 2 சர்க்கரையோடு 40 வருஷத்துக்கு மேல் வாழ்ந்த இருநூற்றுச் சொச்சம் பேரை எடுத்துக்கொண்டு, அவ்வளவு காலம் தாண்டாமல் இறந்தவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சென்னையில், நம்ம சோறு, நம்ம சாம்பார் சாப்பிடுகிற ஆட்கள்தான். நீண்ட நாள் வாழ்ந்தவர்களிடம் என்ன மந்திரம் இருந்தது? ஒரு மந்திரமும் இல்லை. ஆரம்பத்திலிருந்தே அவர்களுக்குச் சர்க்கரை குறைவு, பிரஷர் குறைவு, கெட்ட கொழுப்பு குறைவு. இவ்வளவுதான் மேட்டர்.

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி நாட்டில் சர்க்கரை உள்ளவர்கள் 10 கோடிக்கும் மேல். இத்தனை கோடிப் பேரையும் "பாவம்" என்று ஒதுக்கிவிட்டால் மிச்சம் யார் இருப்பார்கள் பந்தியில் உட்கார?

இரண்டு: பொடிக் கூட்டம்

இது என் சொந்தக் கோபம். ஐந்து வருஷத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுக்கும் ஒரு பொடி வந்தது. யார் தந்தது என்று சொல்லப்போவதில்லை, சொல்லி ஆகப்போவதும் இல்லை. "இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்தினால்தான் பொடி வேலை செய்யும்" என்பது நிபந்தனை. ஆயா மாத்திரையை நிறுத்தினாங்க, ஊசியையும் நிறுத்தினாங்க. வீட்டில் நாங்கள் எல்லோரும் படித்தவர்கள்தான், வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோம். மூணாவது மாசம் ஒரு ராத்திரி ஆயாவால் எழுந்து உட்காரவே முடியவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சர்க்கரை 400-க்கும் மேல். எட்டு நாள் படுக்கை. வீடு திரும்பின பிறகு, "பாதம் பஞ்சு மேல வச்ச மாதிரி இருக்குடா" என்றாங்க. அந்த மரத்துப் போனது இன்று வரைக்கும் சரியாகவில்லை.

பொடிக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? "பத்தியம் சரியா இருந்திருக்காது." இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஊரையே விழுங்கலாம். எங்கள் பாடத்தில் சொன்னால், லாபம் முழுக்க அவருக்கு, நஷ்டம் முழுக்க ஆயாவுக்கு.

மக்களே, சர்க்கரையைக் குணமாக்குகிறேன் என்று விளம்பரம் செய்வது இந்த நாட்டில் சட்டப்படி குற்றம். இது நேற்றுப் போட்ட சட்டம் இல்லை. 1954-ல் வந்த மருந்துகள் மற்றும் மாய மருத்துவ விளம்பரத் தடைச் சட்டம். அதன் அட்டவணையில் நீரிழிவின் பெயர் அப்படியே இருக்கிறது. இருந்தும் என்ன? சுவரில் நோட்டீஸ், பஸ்ஸில் நோட்டீஸ், டி.வி.யில் அரை மணி நேர நிகழ்ச்சி. 2024-ல் இந்த மாதிரி விளம்பர வழக்கில்தான் பதஞ்சலி நிறுவனம் உச்ச நீதிமன்றத்தில் குட்டு வாங்கி, பத்திரிகைகளில் மன்னிப்பு விளம்பரம் போட்டது. பெரிய முதலைக்கே அந்த கதி. ஆனால் குட்டிகள் எல்லாம் இன்னும் குளத்தில்தான் நீந்துகின்றன.

"மூலிகையைக் கேவலமாப் பேசறியா?" என்று சண்டைக்கு வராதீர்கள். ஆயா தினமும் விழுங்குகிற மெட்ஃபார்மின் இருக்கிறதே, அதன் பூர்வீகமே கலேகா என்ற ஐரோப்பியச் செடிதான். அந்தச் செடியில் இருந்த பொருளை வைத்து ஆராய்ந்து, சோதித்து, எவ்வளவு கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கக் கூடாது என்று கணக்குப் போட்டு, 1957-ல் பாரிஸில் ஜான் ஸ்டெர்ன் என்ற டாக்டர் நோயாளிகளுக்குக் கொடுத்து எழுதினார். ஆக என் சண்டை செடியோடு இல்லை. கணக்குக் காட்டாத கல்லாவோடுதான். இன்னொரு விஷயமும் உண்டு. இன்சுலினைக் கண்டுபிடித்தவர்கள் அதன் காப்புரிமையை டொரன்டோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு 1 டாலருக்குக் கொடுத்தார்கள். நம்ம பொடி ஒரு டப்பா எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள் :)

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை வந்து சில வருஷமே ஆனவர்கள் எடையை நன்றாகக் குறைத்தால் மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் வரலாம். 2017-ல் பிரிட்டனில் வெளியான டைரெக்ட் என்ற ஆய்வில், கடுமையான உணவுத் திட்டத்தில் இருந்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ஒரு வருஷத்தில் அப்படி நடந்தது. ஆனால் அவர்கள் எல்லோரும் சர்க்கரை வந்து 6 வருஷத்துக்குள் இருந்தவர்கள், இன்சுலின் போடாதவர்கள். அவர்களும் டாக்டர் கண்காணிப்பில் இருந்தார்கள். அதை எடுத்துக்கொண்டு வந்து 31 வருஷச் சர்க்கரைக்கு ஒட்ட வைக்காதீர்கள். வருஷம் ஆக ஆகக் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் குறைந்துகொண்டே வரும். அதனால் ஊசிக்கு மாறுவது தண்டனையும் இல்லை, "கடைசி ஸ்டேஜ்" என்பதும் இல்லை. பழைய வண்டிக்குத் தேய்மானம் எழுதுவோம் இல்லையா? அது மாதிரி. தேய்மானம் எழுதினால் வண்டி செத்துப்போச்சு என்று அர்த்தமா என்ன?

மூன்று: "வயசாச்சு, விடு" கூட்டம்

மூணு கூட்டத்திலும் ஆபத்தானவர்கள் இவர்கள்தான், ஏனென்றால் இவர்கள் அன்பாகப் பேசுவார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சித்ரா பௌர்ணமி. கிரிவலம் போயே ஆகணும் என்று ஆயா ஒரே பிடிவாதம். 14 கிலோமீட்டர். "வயசான காலத்துல ஆசைப்படறாங்க, விடு" என்று எல்லோரும் சொன்னோம் (நானும்தான்). வெறுங்கால். காலையிலிருந்து விரதம். ஆனால் மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டுக்கொண்டாங்க. வெயில் தாழுமுன்னாலேயே கிளம்பிவிட்டோம், தார் ரோடு அப்போதும் கொதித்தது.

நிருதி லிங்கம் தாண்டிக் கொஞ்ச தூரம். ஆயா தள்ளாடினாங்க. உடம்பு தொப்பலாக வேர்வை. கை நடுக்கம். ஏதோ சம்பந்தமில்லாமல் முணுமுணுப்பு. சுற்றி நின்றவர்கள் "அம்மாவுக்கு அருள் வந்திருக்கு" என்று விலகி நின்று கும்பிட்டார்கள். ஒருத்தர் விபூதி பூசினார். என் அம்மாவுக்கு மட்டும் பொறி தட்டியது. வழியில் தானமாகக் கொடுத்துக்கொண்டிருந்த பானகத்தில் இரண்டு டம்ளர் வாங்கிக் குடிக்க வைத்தாங்க. பத்துப் பதினைந்து நிமிஷத்தில் ஆயா கண்ணைத் திறந்து, "எங்கடா இருக்கோம்?" என்றாங்க.

வந்தது அருள் இல்லை, தாழ் சர்க்கரை. சாப்பிடாமல் மாத்திரையோ ஊசியோ போட்டால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடும். வயசானவர்களுக்கு இது ரொம்ப மோசம். கீழே விழுவார்கள், இடுப்பெலும்பு உடையும், குழப்பம் வரும். வீட்டில் இருப்பவர்கள் "வயசாச்சு, மூளை குழம்பிடுச்சு" என்று முடிவு கட்டிவிடுவார்கள். முழுங்க முடிகிற நிலையில் இருந்தால் மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிஷம் கழித்துச் சோதித்து, ஏறவில்லை என்றால் திரும்பவும் கொடுக்கணும். நினைவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடணும். இதைத் தெரிந்துகொள்ள எம்.பி.பி.எஸ். வேண்டாம். ஆனால் எங்கள் வீட்டில் அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியவில்லை.

வயசானவர்களுக்குச் சர்க்கரையை ஒரேயடியாக இழுத்துப் பிடிக்கச் சொல்வதும் இல்லை. மூணு மாச சராசரி (ஹெச்பிஏ1சி) பரிசோதனையில், திடமாக நடமாடுகிற முதியவருக்கு 7 முதல் 7.5-க்குள் என்றும், பல நோய்களோ மறதியோ உள்ளவருக்கு 8-க்குள் போதும் என்றும் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் சொல்கிறது. ஆக "விடு" என்பதும் தப்பு, விரட்டுவதும் தப்பு. ஆளைப் பார்த்துக் கணக்கு.

கதை அதோடு முடியவில்லை. மறுநாள் காலையில் ஆயா நடந்த தரையில் ஈரத்தடம். அடிப்பாதத்தில் கொப்புளம் உடைந்து ஒரு ரூபாய் அளவுக்குத் தோல் வழன்றிருந்தது. ஆயாவுக்கு வலியே தெரியவில்லை! அந்தப் புண் ஆற இரண்டரை மாசம் ஆச்சு. ஒருவேளை அன்றைக்கு யாரும் தரையைப் பார்க்காமல் விட்டிருந்தால்...

வலி தெரியாத பாதம்தான் எதிரி என்று உலகத்துக்குச் சொன்னவர் நம்ம பக்கத்து ஆள். டாக்டர் பால் பிராண்ட். 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி விழவில்லை, வலி தெரியாததால் அடிபட்டு, சூடுபட்டு, அதே புண்ணின் மேலேயே நடந்து நடந்துதான் போகின்றன என்று காட்டினார். அந்தப் பாதங்களுக்காக வேலூர்ப் பக்கம் உருவானதுதான் எம்.சி.ஆர். என்ற மிருதுவான ரப்பர் போட்ட செருப்பு. 1966-ல் அமெரிக்கா போனவர், இதே பாடம் சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் பொருந்தும் என்று அங்கே எடுத்துச் சொன்னார். வேங்கிக்காலிலிருந்து பஸ் ஏறினால் சில மணி நேரத்தில் வேலூர். அங்கே பிறந்த அறிவு அமெரிக்கா வரைக்கும் போய்விட்டது, எங்கள் தெருவுக்கு வரவில்லை.

கிரிவலம் போகாதே என்று சொல்ல நான் யார்? ஆனால் கால் மரத்துப் போனவர் வெறுங்காலோடு தார் ரோட்டில் 14 கிலோமீட்டர் நடந்தால்தான் அண்ணாமலையார் ஏற்றுக்கொள்வார் என்று யாராவது சொன்னால், அவர் அண்ணாமலையாரைப் பற்றி ரொம்ப மட்டமாக நினைக்கிறார் என்று அர்த்தம். ஆயா இப்போது எம்.சி.ஆர். செருப்பு போட்டுக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு, பாதி தூரம் நடை, பாதி தூரம் ஆட்டோ. மலை அப்படியேதான் இருக்கிறது.

கடைசியாக, கணக்கு

ஆயா கலெக்டர் ஆபீஸ் பக்கம் இருபது வருஷம் இட்லிக் கடை வைத்திருந்தவங்க. காலண்டர் தாளின் பின்பக்கம்தான் அவங்க பேரேடு. இன்றைக்கும் அதே காலண்டர் தாளில் வெறும் வயிறு எவ்வளவு, சாப்பிட்ட பிறகு எவ்வளவு, ஊசி எத்தனை யூனிட், என்ன சாப்பிட்டாங்க எல்லாம் இருக்கும். ஒரு பக்கம் வரவு, ஒரு பக்கம் செலவு. அரை ஜாங்கிரி வரவு என்றால் ஒரு கரண்டி சோறு கழிவு. இரட்டைப் பதிவு முறையை எனக்கு முதலில் சொல்லித் தந்தது காலேஜ் இல்லை.

டென்மார்க்கில் ஸ்டெனோ-2 என்று ஓர் ஆய்வு. கிட்னி பாதிப்பு லேசாகத் தொடங்கியிருந்த டைப் 2 ஆட்கள் 160 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான வைத்தியம். மீதிப் பேருக்குச் சர்க்கரை, பிரஷர், கொழுப்பு, சாப்பாடு, நடை எல்லாவற்றையும் சேர்த்து எட்டு வருஷம் போல இறுக்கிப் பிடித்தார்கள். ஆரம்பித்து 21 வருஷம் கழித்து, 2016-ல் பார்த்தபோது, இறுக்கிப் பிடித்த பக்கம் சராசரியாக 7.9 வருஷம் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். எந்த வங்கி இந்த வட்டி தரும், சொல்லுங்கள்?

கணக்குப் புத்தகத்தில் பக்கங்களும் அதிகமில்லை. பாதம் தினமும். நடை தினமும். மூணு மாச சராசரி வருஷத்துக்கு இரண்டு தடவையாவது. கண் விழித்திரை, சிறுநீரில் புரதம், கொழுப்பு வருஷத்துக்கு ஒரு தடவை. பிரஷர் போகிறபோதெல்லாம். மாத்திரைக்குக் காசில்லை என்ற சாக்கும் பெரும்பாலும் செல்லாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வழியாக எங்கள் தெருவுக்கே ஒரு அக்கா மாத்திரைப் பையோடு வருகிறார்.

ஆனால் மாத்திரையை வீட்டு வாசல் வரைக்கும்தான் அரசாங்கம் கொண்டுவர முடியும். அடிப்பாதம் 78 வயசுக் கண்ணுக்குத் தெரியாது, குனியவும் முடியாது. அதை யார் பார்ப்பது? அந்த மாமா பார்ப்பாரா? பொடிக்காரர் பார்ப்பாரா? நாம்தான் பார்க்கணும். ஆனால் நாம் செய்வதெல்லாம் இலையில் ஜாங்கிரியைத் தடுப்பதும், ஊரெல்லாம் கேட்கிற மாதிரி "சுகரு" என்று கத்துவதும்தான். காவல் காப்பதற்கு வீடு நிறைய ஆள். கூட உட்கார்ந்து கணக்கு எழுத ஆளில்லை.

இதைப் படித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் சர்க்கரையோடு பெரியவர் யாராவது இருந்தால், "காலைக் காட்டுங்க" என்று கேட்டு, வெளிச்சத்தில் வைத்து, விரல் இடுக்கு வரைக்கும் பாருங்கள். இரண்டு நிமிஷம்தான் ஆகும். முதல் நாள் கூச்சப்படுவார்கள். ஆயாவும் பட்டாங்க. "பேரன் காலைத் தொடறதா, போடா" என்று இழுத்துக்கொண்டாங்க. இப்போது ராத்திரி ஒன்பது மணி ஆனால் தானாகக் காலை நீட்டிவிட்டு, "ஆடிட்டர் வந்தாச்சா?" என்று கேட்கிறாங்க.

பி.கு: அடுத்த மாசம் இன்னொரு கல்யாணம் இருக்கிறது. இந்த முறை ஆயா பக்கத்தில் நான் உட்காரப்போகிறேன். ஜாங்கிரியைத் தடுக்க எந்த மாமா கையை நீட்டுகிறார் என்று பார்த்துவிடலாம்.